தடுமாறும் மீன், சாட்சி சொல்லும் தண்ணீர்

கண்ணாடித் தொட்டியில் வளரும் மீனுக்கு நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை முதலில் அதன் உடம்பில் தெரிவதில்லை. அதன் நடையில்தான் தெரிகின்றன. புண்ணும் செதில் உதிர்வும் கண் வீக்கமும் தோன்றச் சில நாட்களேனும் ஆகும். ஆனால் நேற்று வரை நேராக நீந்திய மீன் இன்று சுழல்வதும், சாய்வதும், மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு நிற்பதும், கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பை உரசிக்கொண்டு பாய்வதும் சில நிமிடங்களுக்குள் நிகழ்ந்துவிடக்கூடியவை. தூத்துக்குடியில் மீன் வளர்ப்போர் இவற்றைச் சொல்லும் விதமே அரைப் பங்கு நோயறிதலாக அமைந்துவிடுவதுண்டு. “மீன் கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுத்துது அண்ணாச்சி” என்பதும், “மேல வந்து வாயப் பொளக்குது” என்பதும், “தலைகீழா நிக்குது” என்பதும் கேட்பவருக்கு ஒரே பதற்றமாகத் தோன்றினாலும், அவை மூன்றும் மூன்று வெவ்வேறு உறுப்புகளின் முறையீடுகளாகும்.

இந்நகரின் வீடுகளிலும் மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளிலும் உணவகங்களிலும் தொட்டி அமைத்துப் பராமரிக்கும் தொழிலில் நெடுநாள் இருந்த இக்கட்டுரையாளர், பல தவறுகளுக்குப் பின் வந்தடைந்த முடிவு எளிமையானது: பல மீன்கள் ஒரே நேரத்தில் தடுமாறினால் குற்றவாளி தண்ணீர், ஒரு மீன் மட்டும் தடுமாறினால் ஐயம் அதன் உடம்பின் மேல் திரும்ப வேண்டும். இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. ஆயினும் விலக்குகளை முதலில் தேடியவர்கள் மருந்துப் பாட்டிலைத் திறந்தார்கள் என்பதும், விதியை முதலில் பின்பற்றியவர்கள் வாளியை எடுத்தார்கள் என்பதும், வாளியை எடுத்தவர்களின் மீன்களே அதிகம் பிழைத்தன என்பதும் இத்தொழில் கற்றுத்தந்த பாடம்.

நீச்சலின் பிறழ்வை அறிய, மீன் எவ்வாறு நேராக நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மீனின் வயிற்றறைக்கு மேல், முதுகெலும்பை ஒட்டி, காற்றுப்பை என்னும் உறுப்பு இருக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையில் இதற்கு நெட்டி என்று பெயர். கூறல் மீனின் நெட்டியை மீனைவிட அதிக விலைக்கு விற்கும் இவ்வூரார்க்கு இவ்வுறுப்பை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நன்னீர் மீனில் இப்பை உடலின் கன அளவில் ஏறத்தாழ 7 விழுக்காடும், அடர்த்தி மிகுந்த கடல்நீரே பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்வதால் கடல்மீனில் ஏறத்தாழ 5 விழுக்காடும் இருக்கும். பொன்மீன், கெண்டை முதலியவற்றில் காற்றுப்பைக்கும் உணவுக்குழலுக்கும் இடையே ஒரு குழாய் இருப்பதால், அவை மேலே வந்து காற்றை விழுங்கிப் பையை நிரப்பவும் வாய்வழி வெளியேற்றவும் இயலும். கடல்தொட்டிகளில் வளரும் கோமாளி மீன், வண்ணத்துப்பூச்சி மீன் போன்றவற்றுக்கு அக்குழாய் வளர்ந்தபின் இருப்பதில்லை. அவை இரத்தத்திலிருந்தே வாயுவைப் பைக்குள் சுரந்து, இரத்தத்துக்கே திருப்பி உறிஞ்சிக்கொள்கின்றன. இது மணிக்கணக்கில் நடக்கும் வேலை, நொடியில் நடப்பதன்று.

மிதப்பைக் காப்பது நெட்டியென்றால், மேல் எது கீழ் எது என்று சொல்வது உட்செவி. கத்தாளை, பன்னா ஆகிய மீன்களின் தலையைச் சமையலில் உடைத்தவர்கள் அங்கே வெண்கல் இரண்டைக் கண்டிருப்பார்கள். செவிக்கல் எனப்படும் அவையே மீன் சாயும்போது உணர்நரம்புகளின் மேல் சரிந்து, சாய்வை மூளைக்குத் தெரிவிக்கின்றன. உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு நீரின் அசைவை உணர்கிறது. இவற்றோடு கண்ணும் சேர்ந்துகொள்கிறது. ஒளி மேலிருந்து வரும் என்பது மீனின் உடம்பில் ஊறிய எதிர்பார்ப்பு. ஜெர்மானிய ஆய்வாளர் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட் 1930களில் காட்டியபடி, பக்கவாட்டில் ஒளி விழுந்தால் நலமுள்ள மீனும் முதுகை ஒளியின் பக்கம் சாய்த்துக்கொள்ளும். உட்செவி இல்லாத மீனோ முழுவதுமாக ஒளியை நம்பியே நிற்கும். கிழக்குச் சன்னலை ஒட்டித் தொட்டி வைத்த ஒரு கடையில் எல்லா மீன்களும் காலையில் ஒரே பக்கம் சாய்ந்து நீந்துவதாக அழைப்பு வந்ததுண்டு. சன்னல் திரையை இழுத்து, தொட்டியின் மேல் விளக்கைப் போட்டதும் கால் மணி நேரத்தில் அவை நிமிர்ந்தன. அதுவரை அத்தொட்டியில் ஊற்றப்பட்டிருந்த மருந்துகள் மூன்று.

நோயல்லாததை நோயென்று கொள்ளும் பிழை இத்துடன் நிற்பதில்லை. கிளாத்தி மீன் இரவில் கல்லிடுக்கில் பக்கவாட்டில் படுத்து உறங்கும். கடல்தொட்டிகளில் வளரும் சிறு மீன்களில் சில, விளக்கணைந்ததும் மணலுக்குள் புதைந்துகொள்ளும். மன்னார் வளைகுடாவிலேயே தலைகீழாகக் கூட்டமாய் நீந்துவதை இயல்பாகக் கொண்ட ஒல்லியான மீனினம் ஒன்றுண்டு. கோமாளி மீன் உடம்பை அசைத்து அசைத்து நீந்துவது அதன் பிறவிக்குணம். பனையேறிக் கெண்டையும் குராமியும் சண்டைமீனும் செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் துணையுறுப்பும் உடையவை, ஆதலால் அவை மேலே வந்து காற்றைக் கவ்விச் செல்வது மூச்சுத்திணறல் ஆகாது. எனவே வளர்ப்பவர் தம் மீனின் இயல்பு நடையை நலமான நாளில் பார்த்து வைத்திருத்தல் வேண்டும். பிறழ்வு என்பது அந்த இயல்போடு ஒப்பிட்டே சொல்லத்தக்கது.

பார்க்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தொட்டியின் அருகே சென்றால் மீன்கள் தீனியை எதிர்பார்த்து நோயை மறைத்துக்கொண்டு முன்னே வரும். ஆகவே வாசலில் நின்றே முதலில் ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். எத்தனை மீன்கள், தொட்டியின் எந்த மட்டத்தில், எந்தத் திசை நோக்கி நிற்கின்றன, செவுள்மூடி எவ்வளவு விரைவாக அடிக்கிறது, துடுப்புகள் விரிந்திருக்கின்றனவா மடிந்திருக்கின்றனவா என்பவற்றைக் கண்டபின், நீரை முகர்ந்து, கையால் தொட்டு, ஏர் பம்பும் ஃபில்ட்டரும் ஓடுகின்றனவா என்று பார்த்து, அதன் பிறகே வீட்டாரிடம் கேள்வி கேட்க வேண்டும். கேள்விகளில் தலையாயது, “எப்போது தொடங்கியது?” என்பது. தடுமாற்றம் தொடங்கிய நேரம், பல சமயங்களில், தடுமாற்றத்தின் காரணத்தையே சொல்லிவிடுகிறது.

விடியற்காலையில் வரும் அழைப்பு பெரும்பாலும் ஆக்ஸிஜனைப் பற்றியதாகவே இருக்கும். நன்னீர் 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறையும். அதே 30 டிகிரியில் கடல்நீர் கொள்வதோ ஏறத்தாழ 6.2 மட்டுமே. சித்திரை, வைகாசி மாதங்களில் தூத்துக்குடி வீட்டுத் தொட்டிகளின் நீர் 30 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. சூடு ஏற ஏற மீனின் ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது, நீரின் இருப்போ குறைகிறது. இரவில் பாசியும் செடியும்கூட ஆக்ஸிஜனைச் செலவழிப்பதால் இருப்பு மிகவும் வற்றும் வேளை விடியலாகிறது. அப்போது மீன்கள் மேல்மட்டத்தில் வரிசையாக நின்று வாயைத் திறந்து மூடும். பெரிய மீன் முதலில் விழும், சிறியது பின்னும் தாங்கும். நஞ்சினால் வரும் சாவில் இவ்வரிசை பெரும்பாலும் காணப்படாது என்பதால் இதுவும் ஓர் அடையாளமாகிறது.

கடலும் இதே பாடத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியிருக்கிறது. மீனவர் பூங்கோரை என்று அழைக்கும், நாக்டிலுகா என்னும் ஒற்றைச்செல் உயிரியின் பெருக்கம் 2019ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவின் மண்டபம் தீவுப் பகுதியில் கடலைப் பச்சையாக்கியது. நீரில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதையும், மீன்களும் பவளப்பாறைகளும் மடிந்ததையும் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். பரந்த கடலில் நடக்கக்கூடியது 100 லிட்டர் தொட்டியில் நடப்பதற்கு ஓர் இரவு போதும்.

மின்சாரம் நின்ற வேளையில் தொடங்கும் தடுமாற்றத்தையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டையொட்டிய மின்வெட்டுக் காலத்தில் இத்தொழிலில் இருந்தோர் வியப்பான ஒன்றைக் கண்டனர்: மீன்கள் கரண்ட் போனபோது சாகாமல், வந்தபிறகு செத்தன. மூடிய ஃபில்ட்டருக்குள் நீரோட்டம் நின்றதும், அங்கே வாழும் நன்மை செய்யும் பாக்டீரியா இருந்த ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட்டு மடியத் தொடங்குகிறது. பல மணி நேரம் கழித்து மோட்டார் ஓடும்போது அழுகிய அந்நீர் முழுவதும் தொட்டிக்குள் பாய்கிறது. ஆதலால் நீண்ட மின்தடைக்குப் பின் ஃபில்ட்டரைத் திறந்து, அதன் நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசிய பிறகே இயக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களின் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தூத்துக்குடியின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றி நீரில் நின்றபோது, இவ்வொரு பழக்கத்தை அறிந்திருந்த வீடுகளில் மீன்கள் தப்பின. அங்கே தீனியை நிறுத்திவிட்டு, குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றிக் காற்றேற்றினார்கள்.

மாலையில் விளக்கு வைக்கும் வேளைக்குப் பின் தொடங்கும் தடுமாற்றத்துக்கு வேறொரு பெயர் உண்டு. கொசுவர்த்தியிலும், மின்சாரத்தில் சூடாக்கும் கொசு மருந்துத் திரவத்திலும், பூச்சித் தெளிப்பான்களிலும் உள்ள பைரித்ராய்டு என்னும் வகை நஞ்சு மனிதரின் உடலில் விரைவாகச் சிதைந்துவிடும். மீனின் உடலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு என்பதால் நீரில் கரையும் நுண்ணிய அளவே அதன் நரம்பைத் தாக்கிவிடும். அறைக்காற்றை இழுத்து நீருக்குள் குமிழியாக விடும் ஏர் பம்ப் இங்கே உயிர்காக்கும் கருவியாக இல்லாமல் நஞ்சை ஊட்டும் கருவியாகிவிடுகிறது. மீன் முதலில் காரணமின்றித் திடுக்கிட்டுப் பாயும், கண்ணாடியில் மோதும், துள்ளி வெளியே விழும், பின் பக்கவாட்டில் சாய்ந்து துடுப்பு நடுங்கக் கிடக்கும். இந்நடையைக் கண்டால் பம்பை வேறு அறையில் வைத்து நீண்ட குழாய் வழியாகக் காற்றைக் கொண்டுவருவதும், நீரில் பாதியை மாற்றுவதும், கரித்தூளாலான ஃபில்ட்டரை இடுவதும் அன்றி வேறு மருந்தில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அழைப்பு வந்தால், காலையில் தொட்டி கழுவப்பட்டது என்று பொருள். தாமிரபரணியிலிருந்து குழாய் வழியாக வந்து தூத்துக்குடி வீடுகளின் தரைத்தொட்டிகளில் நிரம்பும் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும். மக்களைக் காக்க அது வேண்டும். மீனின் செவுளையோ அதே அளவு சுட்டுவிடும். குளோரின் தாக்கிய மீன் நீர் மாற்றிய சில நிமிடங்களிலேயே உரசிப் பாயத் தொடங்கும், சளி கூடும், மூச்சு விரைவாகும். திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து காற்றேற்றினால் குளோரின் போய்விடும். அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் என்னும் படிகம் நொடியில் அதை முறிக்கும். குடிநீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவோர்க்கு வேறு ஆபத்து உண்டு. கரையோர நிலத்தடி நீர் உவர்ப்பும் கடினமும் மிகுந்தது. நிலத்தடியில் அழுத்தத்தில் இருந்த நீர் வெளியே வரும்போது நைட்ரஜனை அளவுக்கு மீறிக் கரைத்து வைத்திருப்பதும் உண்டு. அந்நீரில் விடப்பட்ட மீனின் இரத்தத்தில், சோடாப் பாட்டிலைத் திறந்தாற்போலக் குமிழிகள் தோன்றும். துடுப்பின் தோலிலும் கண்ணிலும் சிறு குமிழிகள் தெரிய, மீன் மேல்நோக்கி மிதந்து தடுமாறும். இதைக் காற்றுக்குமிழி நோய் என்பர். நீரை ஊற்றுமுன் ஒரு வாளியில் இறைத்து இறைத்துக் காற்றாட விட்டிருந்தால் இந்நோயே இல்லை.

புதிய தொட்டி வைத்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கும் தடுமாற்றம் மிகவும் பொதுவானது, மிகவும் தவறாக மருந்திடப்படுவதும் அதுவே. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உருவாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இப்பாக்டீரியாக் குடும்பம் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அம்மோனியா செவுளைச் சுட, மீன் உரசிக்கொண்டு பாயும். நைட்ரைட் இரத்தத்தின் சிவப்பணுவைப் பழுப்பாக்கி ஆக்ஸிஜன் சுமக்கும் ஆற்றலைப் பறிக்க, நீரில் ஆக்ஸிஜன் நிறைந்திருந்தும் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். இக்கட்டுரையாளர் தொழிலின் தொடக்க ஆண்டுகளில், உரசும் மீனைக் கண்டதும் வெண்புள்ளி நோயென்று கருதி ஃபார்மலின் கலந்த மருந்தை ஊற்றியதுண்டு. ஃபார்மலின் நீரிலுள்ள ஆக்ஸிஜனையும் குறைக்கும் என்பதை அறியாமல் செய்த அச்செயலில், அம்மோனியாவால் தளர்ந்திருந்த மீன்கள் அன்றிரவே மடிந்தன. அம்மோனியாவை அளந்து பார்க்கும் சோதனைக் குப்பியின் விலை அம்மீன்களின் விலையைவிடக் குறைவு.

அம்மோனியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 ஆக இருக்கையில், 25 டிகிரி வெப்பத்தில் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ அரை விழுக்காடே நஞ்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காடாகப் பத்து மடங்கு உயரும். சென்னைக் கொளத்தூரிலிருந்து ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணித்து வரும் மீன்களின் கதை இங்கேதான் விளங்குகிறது. பைக்குள் மீன் வெளியிட்ட கரியமில வாயு நீரின் பி.எச். அளவைத் தாழ்த்தி, சேர்ந்துபோன அம்மோனியாவை நஞ்சற்ற வடிவில் அடக்கி வைத்திருக்கும். பையை அவிழ்த்துத் திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தால், கரியமிலம் வெளியேறி, பி.எச். ஏறி, அடங்கிக் கிடந்த அம்மோனியா முழு நஞ்சாக விழித்துக்கொள்கிறது. கவனமாகச் செய்வதாக எண்ணிச் செய்த காரியமே பைக்குள் மீனைச் சுழற்றிச் சாய்த்துவிடுகிறது. எனவே நெடுந்தூரம் வந்த பையை மூடியபடியே தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, திறந்தபின் தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டு, பைநீரைக் கொட்டிவிட வேண்டும்.

கடல்நீர்த் தொட்டியின் கணக்கு உப்பளத்தின் கணக்கே. தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீரை ஏறத்தாழ 3 டிகிரியில் ஏற்றி, பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ச்சி, 25 டிகிரி வந்தால் உப்பு விளையும் என்று, வெப்பத்தை அன்றி நீரின் செறிவை அளக்கும் அளவுகோல் கொண்டு சொல்வார்கள். அங்கே ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. கவனிப்பாரற்ற கடல்தொட்டியும் வீட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு உப்பளமாகிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீர் கால் பங்கு வற்றினால் 46 கிராமைத் தாண்டும். கடல்மீன் எப்போதும் தன் உடல்நீரைச் சுற்றியுள்ள உப்புநீருக்கு இழந்துகொண்டே, அவ்விழப்பைக் கடல்நீரைக் குடித்து ஈடுசெய்துகொண்டே வாழ்வது. உப்பு கூடக்கூட அப்பாடு கடினமாகிறது. பனிமய மாதா திருவிழாவை ஒட்டிய ஒரு விடுமுறையில் வற்றிப்போன 200 லிட்டர் தொட்டி ஒன்றில், மீன்கள் மெல்ல அசைந்துகொண்டு அடியில் கிடந்ததைக் கண்ட இக்கட்டுரையாளர், குறைந்த 50 லிட்டரையும் நன்னீராக ஒரே மூச்சில் ஊற்றினார். கனமான உப்புநீரின் மேல் நன்னீர் தனிப்படலமாக நின்றது. அதற்குள் ஏறிய மீன்கள் உடம்பை உதறிச் சுழன்று கீழே விழுந்தன. ஐந்தில் இரண்டு பிழைக்கவில்லை. வற்றல் நோயாக இருந்தது, ஊற்றியது சாவாக அமைந்தது. இரண்டு மூன்று நாட்களுக்குப் பிரித்து, மோட்டார் ஓடும் வாயிலில் சிறிது சிறிதாக ஊற்றியிருக்க வேண்டியது அது. தொட்டியின் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு கிழித்து, குறையும் நீரை அன்றன்றே நன்னீரால் நிரப்புவது இதற்கான தடுப்பு.

தண்ணீர் குற்றமற்றது என்று அளந்து தெரிந்தபின்னரே மீனின் உடம்பை நோக்க வேண்டும். ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்றுண்டு: வெப்பமும் உப்பும் ஒத்த, நன்கு காற்றேறிய நல்ல நீருள்ள வாளியில் தடுமாறும் மீன் ஒன்றை விட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் அது நிமிர்ந்தால் தொட்டி நீரே காரணம். நிமிரவில்லையெனில் ஒட்டுண்ணியையோ உட்கோளாறையோ தேடலாம். உரசும் மீன்களில் வெண்புள்ளி தெரிந்தால் அது நுண்ணுயிர் ஒட்டுண்ணி. புள்ளிகள் சில நாட்களில் உதிர்ந்து மறைவதைக் குணமென்று நம்பலாகாது, உதிர்ந்தவை அடியில் பெருகிப் பன்மடங்காகத் திரும்பும். கடல்மீன் புள்ளி ஏதுமின்றி மூச்சு விரைந்து, மோட்டார் நீரோட்டத்தின் முன்னே அசையாது நின்றால், அது செவுளைத் தாக்கும் வெல்வெட் நோயாக இருக்கக்கூடும். ஓரிரு நாட்களில் தொட்டியையே காலிசெய்யும் இந்நோய்க்குத் தாமிரம் மருந்து, ஆனால் அதே தாமிரம் இறாலையும் பவளத்தையும் கொல்லும் என்பதால் தனித்தொட்டியில் அளந்து இட வேண்டும். செவுளிலும் தோலிலும் தட்டைப்புழு இருப்பதாக ஐயம் எழுந்தால், வெப்பமும் பி.எச். அளவும் ஒத்த நன்னீரில் கடல்மீனை மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டால், கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் வெண்மையாகி உதிர்வதைக் காணலாம். சோதனையும் சிகிச்சையும் ஒன்றாக அமையும் அரிய வழி இது.

ஒற்றை மீனின் தலைகீழ் மிதப்பு பெரும்பாலும் நெட்டியின் கோளாறு. குட்டையாகப் பருத்த வயிறுடைய பொன்மீன்களில், காய்ந்த உருண்டைத் தீனியை மேல்மட்டத்தில் கவ்வும்போது காற்றையும் விழுங்குவதாலும், குடல் நிறைந்து நெட்டியை அழுத்துவதாலும் இது நேர்கிறது. இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, பின் ஊறவைத்த தீனியும் தோலுரித்து அவித்த பட்டாணியும் கொடுத்தால் பல மீன்கள் நிமிர்ந்துவிடும். கடல்மீனில் காரணம் வேறு. அதைச் சங்கு குளிப்போர் எளிதில் புரிந்துகொள்வர். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஐந்தாறு பாகத்துக்கடியில், அதாவது ஏறத்தாழ அந்தப் பத்து மீட்டரில், கூட்டில் பிடிபட்ட மீனை விரைந்து மேலே தூக்கினால், அதன் நெட்டி இரு மடங்காகப் பருக்கும். வாயுவைத் திருப்பி உறிஞ்சிக்கொள்ளும் அவகாசம் அதற்கு இல்லை. சங்கு குளிப்பவரின் காதை அடைக்கும் அதே அழுத்தம், எதிர்த்திசையில், மீனின் வயிற்றைக் கிழிக்கிறது. அப்படி வந்த மீன் தொட்டியில் வாலை மேலாக்கி மிதந்து, கீழிறங்கத் துடித்துக் களைத்துவிடும். படிப்படியாக, இடையிடையே நிறுத்தித் தூக்குவதே இதற்கான பரிகாரம், அது தொட்டியில் அன்றிப் படகில் செய்யப்பட வேண்டியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா; அங்கே மீன் எடுக்க உரிமையில்லை. மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை உருவாக்கியிருப்பதால், ஆழத்திலிருந்து வந்து வாடும் மீனை வாங்க வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது.

மீன் திருகாணி போலச் சுழன்று சுழன்று நீந்துமானால் நரம்பையோ உட்செவியையோ ஐயுற வேண்டும். கண் பிதுங்கி, உடல் கறுத்துச் சுழல்வது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா மூளையைத் தாக்கியதன் அடையாளமாக இருக்கலாம். கொடுவா முதலிய கடல்மீன் குஞ்சுகள் கூட்டமாகச் சுழன்று மடிந்தால் நரம்பு நசிவு வைரஸே முதல் ஐயம். அதற்கு மருந்தில்லை, பிரித்து வைப்பதும் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்வதுமே வழி. இத்தகைய நேர்வுகளில் ஊகத்துக்கு இடமில்லை. தூத்துக்குடியிலேயே 1977இல் தொடங்கப்பட்ட மீன்வளக் கல்லூரி இருக்கையில், நுண்ணோக்கியின் கீழ் பார்க்கப்படாத மீனுக்கு நுண்ணுயிர்க்கொல்லி இடுவது நியாயமாகாது. இவ்வகையான உடற்கோளாறுகள் இக்கட்டுரையாளரின் அனுபவத்தில் மிகக் குறைவே. அழைப்பு வந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் அன்றோ முந்தைய நாளோ ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருந்தது: நீர், தீனி, பம்ப், விளக்கு, புதிய மீன், புதிய கொசு மருந்து.

எனவே மீன் வளர்ப்போர்க்கு வேண்டுகோள் இரண்டு. தொட்டியின் பக்கத்தில் ஒரு சிறு நோட்டை வைத்து, நீர் மாற்றிய நாளையும், ஊற்றிய அளவையும், கரண்ட் நின்ற நேரத்தையும், புதிதாக விட்ட மீனையும் எழுதி வருதல் வேண்டும். மீன் தடுமாறினால் அதைப் பையில் அலைக்கழித்துக் கடைக்குக் கொண்டுவராமல், கழுவிய பாட்டிலில் தொட்டித் தண்ணீர் அரை லிட்டரை விளிம்புவரை நிரப்பி மூடி, அந்த நோட்டோடு கொண்டுவருதல் வேண்டும். பெரும்பாலான வேளைகளில் விடை அவ்விரண்டிலேயே இருக்கிறது.